சாய்வுக்கு நம்பிக்கை இடைவெளி: கால்குலேட்டர், எக்செல், ஆர், பைத்தான் – நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிய வந்தவை

புள்ளிகளுக்குப் பொருத்தமான கோடு வரையும் நேர்கோட்டு ரெக்ரஷனில் சாய்வு (எக்ஸ் ஒன்று கூடினால் ஒய் எவ்வளவு மாறும் என்பது) எதில் சரியாகப் போட்டாலும் ஒன்றுதான். வம்பெல்லாம் அதன் இருபுறமும் வரும் ± பகுதியில், அதாவது உண்மையான சாய்வு இருக்கக்கூடிய வரம்பைச் சொல்லும் நம்பிக்கை இடைவெளியில். அங்கே ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு விதமாகக் காலை வாரும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு ஸ்பிரிங்கை எடுத்துக்கொள்வோம். 1, 2, 3, 4, 5, 6 என்று ஒரே அளவுள்ள எடைகளை ஏற்றினால் நீட்சி 2.1, 3.9, 6.2, 7.8, 10.1, 11.9 செ.மீ. எடை எக்ஸ், நீட்சி ஒய். எக்ஸின் விலக்க வர்க்கக் கூடுதல் (சராசரியிலிருந்து விலகும் அளவுகளின் வர்க்கங்களைக் கூட்டியது) 17.5, ஒய்க்கு 68.52, இரண்டின் விலக்கப் பெருக்கற்பலன்களின் கூடுதல் 34.6. சாய்வு 34.6 ÷ 17.5 = 1.9771. எச்சங்களின் (கோடு சொல்லும் ஒய்க்கும் அளந்த ஒய்க்கும் உள்ள வித்தியாசங்களின்) வர்க்கக் கூடுதல் 0.1109. அதை 6 − 2 = 4 ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.1665. இதை 17.5இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் சாய்வின் திட்டப்பிழை (அது எவ்வளவு தடுமாறக்கூடும் என்ற அளவு) 0.0398. நாம் வகுத்த அந்த 4தான் கட்டற்ற பாகை; அதற்கு டி பரவல் அட்டவணை தரும் 95% டி மதிப்பு 2.776. திட்டப்பிழையையும் இதையும் பெருக்கினால் 0.110. ஆக இடைவெளி 1.867 முதல் 2.088 வரை. பழக்க தோஷத்தில், பெரிய தரவுக்குப் பொருந்தும் இயல்நிலைப் பரவலின் 1.96ஐப் போட்டால் 1.899 – 2.055 என்று சுருங்கிவிடும். ஆறே புள்ளிகளுக்கு இது பெரிய வித்தியாசம்.

கால்குலேட்டரில் போடுபவர்கள் சறுக்கும் இடம் நடுவில் முழுமையாக்குவது. 1.9771ஐ 1.98 ஆக்கிவிட்டு, எச்ச வர்க்கக் கூடுதலை 68.52 − 1.98 × 34.6 என்று குறுக்கு வழியில் போட்டுப் பாருங்கள்: 0.1109 வர வேண்டிய இடத்தில் 0.012 வரும். திட்டப்பிழை மூன்றில் ஒரு பங்காகிவிடும். சாய்வில் மூன்றாவது தசமத்தைத் தொட்டதற்கு இந்தத் தண்டனை. ஏறக்குறைய சமமான இரண்டு பெரிய எண்களைக் கழிக்கும்போது, மிஞ்சுவது பெரும்பாலும் முழுமையாக்கிய பிழைதான். சாய்வை நினைவகத்திலேயே வைத்துக்கொண்டு கடைசி வரியில் மட்டும் முழுமையாக்குவதுதான் வழி.

எக்செலில் லின்எஸ்ட் (LINEST) சார்பு போதும். முதலில் ஒய், பிறகு எக்ஸ், மூன்றாவதும் நான்காவதும் ட்ரூ. ஐந்து வரிசை, இரண்டு பத்தி வரும். இரண்டாம் வரிசை முதல் பத்தியில் சாய்வின் திட்டப்பிழை, நான்காம் வரிசை இரண்டாம் பத்தியில் கட்டற்ற பாகை. இன்டெக்ஸால் (INDEX) இரண்டையும் எடுத்து, டி மதிப்பைத் தரும் டி.இன்வ்.2டி-யோடு (T.INV.2T) சேர்த்தால் முடிந்தது. '2டி'யை மறந்து டி.இன்வ்-இல் 0.05 கொடுத்தால் −2.132 வரும்; குறியைக் கவனிக்காமல் பெருக்கினால் கீழ் எல்லையும் மேல் எல்லையும் இடம் மாறும், அதுவும் 90% இடைவெளியாக. கான்ஃபிடன்ஸ்.டி (CONFIDENCE.T) பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது சராசரிக்கானது. எக்செலின் கூடுதல் கருவியான டூல்பேக் (Analysis ToolPak) தரும் ரெக்ரஷன் அட்டவணை சரியானதுதான், ஆனால் தரவைத் திருத்தினால் தானாக மாறாது. பழைய அட்டவணையை அறிக்கையில் ஒட்டிவிடும் அபாயம் எப்போதும் உண்டு.

புள்ளியியல் மொழியான ஆரில் எல்எம் (lm) ஓட்டி கான்ஃபின்ட் (confint) கேட்டால் ஒரே வரியில் வேலை முடியும். அன்றாட வேலைக்கு இதை விஞ்ச ஒன்றுமில்லை.

பைத்தானில்தான் விழிப்பு தேவை. சைபை (SciPy) தொகுப்பின் லின்ரெக்ரஸ் (linregress) சாய்வையும் திட்டப்பிழையையும் தரும், இடைவெளியைத் தராது. டி மதிப்பை n − 2 (புள்ளிகளின் எண்ணிக்கை கழித்தல் 2) வைத்து நாமே எடுக்க வேண்டும். இன்னொரு தொகுப்பான ஸ்டாட்ஸ்மாடல்ஸில் (statsmodels) ரெக்ரஷன் போடும் ஓஎல்எஸ்ஸுக்கு (OLS) அணியாகத் தரவைக் கொடுத்தால், ஆட்_கான்ஸ்டன்ட் (add_constant) போடாதவரை கோடு பூச்சியத்தின் வழியே போகும். மேலே உள்ள தரவில் அப்படிச் செய்தால் சாய்வு 1.996. பார்த்தால் சந்தேகமே வராது. ஆனால் இடைவெளி 1.954 – 2.037, அசல் அகலத்தில் பாதிகூட இல்லை. கட்டற்ற பாகை 4க்குப் பதில் 5 என்று இருப்பது ஒரு துப்பு. ஃபார்முலா வடிவில் எழுதினால் வெட்டுத்துண்டு (எக்ஸ் பூச்சியமாகும்போது கோடு காட்டும் ஒய்) தானாகச் சேர்ந்துவிடும்.

இத்தனையும் சரியாகப் போட்டாலும் எச்ச வரைபடம் பார்க்காமல் இடைவெளியை நம்ப முடியாது. சிதறல் எக்ஸோடு சேர்ந்து புனல்போல் விரிந்தால் சாதாரணத் திட்டப்பிழை செல்லாது; சமமில்லாத சிதறலையும் கணக்கில் எடுக்கும் எச்சி3 (HC3) வகைத் திட்டப்பிழைக்கு மாற வேண்டும். ஸ்டாட்ஸ்மாடல்ஸில் அப்படி மாற்றியதும் அது டி பரவலை விட்டு இயல்நிலைப் பரவலுக்குத் தாவிவிடும், அட்டவணைத் தலைப்பில் டி இருந்த இடத்தில் இசட் நிற்கும். சிறிய தரவுக்கு யூஸ்_டி = ட்ரூ (use_t=True) என்று கையோடு சேர்த்துவிடுங்கள். ஒரே எடையை ஏற்றியபடியே ஐந்து தடவை அளவுகோலைப் படித்து ஐந்து புள்ளிகளாகச் சேர்த்திருந்தால், அவை ஒன்றையொன்று சாராத அளவீடுகள் அல்ல என்பதால் எச்சி3யும் கை கொடுக்காது; அவற்றின் சராசரியை எடுத்து ஒரே புள்ளியாகத்தான் போட வேண்டும்.