பழைய சோனகத் தெருவில் ஒரு போல்ட், நட் கடை

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்கள் வாசல் கேட்டுக்கோ பல்கனிக்கோ ஸ்குரூ வாங்குவதென்றால், பக்கத்துக் கடையில் கிடைப்பதை அள்ளிக்கொண்டு வராமல் பழைய சோனகத் தெருவுக்கு ஒருக்கா போய் வாருங்கள். அங்கே ஒரு சின்னக் கடை. போல்ட், நட், வாஷர், ஆணி தவிர வேறு எதுவும் இல்லை.

"எங்க பூட்டப் போறீங்க தம்பி?" இதைத்தான் கடைக்கார நானா முதலில் கேட்பார். கடல் காற்று என்றால் துத்தநாகம் பூசியதைக் கையில் எடுக்கவே மாட்டார், 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் உப்பில் புள்ளி புள்ளியாகக் கறை பிடிக்கும் என்று சொல்லி 316 ரகத்தைத்தான் காட்டுவார். அதில் மொலிப்டினம் கலந்திருப்பதால் உப்பை நன்றாகவே தாங்கும். விலை கூடத்தான், ஆனாலும் அதையே வாங்குங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அவர் விளக்கம் சொல்கிற விதம். நட்டை இறுக்கும்போது போல்ட் மயிரிழையளவு இழுபட்டு நீளுமாம், அது பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கிற விசைதான் இரண்டு தகட்டையும் நெரித்துப் பிடிக்கிறது. தண்ணீர் மோட்டர் மாதிரி அதிர்கிற இடத்தில் அந்த இறுக்கம் தளரும், அதனால் அதற்கு உள்ளே நைலோன் வளையம் வைத்த நட்தான் தருவார். தளர்ந்தாலும் வளையம் போல்ட்டின் மரையைக் கவ்விக்கொண்டிருப்பதால் நட் கழன்று விழாது.

ஒரேயொரு போல்ட் கேட்டாலும் முகம் சுளிக்காமல் கொடுப்பார். வாகனம் நிறுத்த மட்டும் இடமில்லை, பஸ்ஸில் போவது நல்லது. அப்புறம், பழைய போல்ட்டையும் கையோடு கொண்டு போங்கள், மரையை அளந்து சரியானதை எடுத்துத் தருவார்.