நாய்ஸ் கேட், நாய்ஸ் ரிடக்‌ஷன், ஏஐ: குரல் பதிவுக்கு எதை எங்கே போடலாம்?

சில வாரங்களுக்கு முன் ஒரு நண்பர் தான் வாசித்த சிறுகதையின் ஒலிப்பதிவை அனுப்பி, கொஞ்சம் சுத்தம் செய்து தர முடியுமா என்று கேட்டார். பதினோரு நிமிடப் பதிவு. பின்னால் மின்விசிறி இரைந்துகொண்டே இருக்கிறது, ஒவ்வொரு ஸகரமும் காதில் ஊசி மாதிரி ஏறுகிறது, வாக்கியங்கள் சத்தமாகத் தொடங்கி முணுமுணுப்பாக முடிகின்றன. வீட்டில் மைக் வைத்துப் பதிவு செய்கிற யாருக்கும் வருகிற மூன்று தொல்லைகளும் ஒரே கோப்பில் இருந்ததால், ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று விதமாகச் சரிசெய்து, அடுத்தடுத்து வைத்துக் கேட்டுப் பார்த்தேன். எந்த எஃபெக்டும் அழுக்கை மட்டும் எடுத்துக்கொண்டு போவதில்லை, குரலிலும் கொஞ்சம் கிள்ளிக்கொண்டுதான் போகும். எது குறைவாகக் கிள்ளுகிறது என்பதுதான் இங்கே என் அளவுகோல்.

ஒப்பிடுவதற்கு முன் ஒரு விஷயம்: இரண்டு பதிப்பையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்துவிட்டுக் கேளுங்கள். ஒன்று 1 டெசிபல் கூடுதலாக இருந்தாலே காது அதைத்தான் நல்லது என்று சொல்லும். பல ப்ளக்-இன்கள் (ஒலி மென்பொருளில் சேர்த்துப் பயன்படுத்தும் எஃபெக்ட் கருவிகள்) போட்ட உடனே ‘ஆகா’ என்று தோன்றுவதற்கு, அவை சத்தத்தையும் சேர்த்து ஏற்றிவிடுவதுதான் பாதிக் காரணம்.

சரி, முதலில் இரைச்சல். இதில் நாய்ஸ் கேட், நாய்ஸ் ரிடக்‌ஷன், ஏஐ என்று மூன்று வழிகள் போட்டி போடுகின்றன. ஆனால் மூன்றுக்கும் முன்னால், கீழ் அதிர்வெண்களை வெட்டுகிற ஒரு ஹை-பாஸ் ஃபில்டரைப் போட்டுவிடுங்கள். ஆண் குரலில் பேச்சின் அடிப்படை அதிர்வெண் சுமார் 85 முதல் 180 ஹெர்ட்ஸ் வரை, பெண் குரலில் சுமார் 165 முதல் 255 வரை. ஆகவே 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதெல்லாம் மேசை அதிர்வு, வண்டி உறுமல், மைக்கில் காற்று மோதியது, இந்த வகைதான். வெட்டினால் குரலுக்கு நஷ்டம் இல்லை. (ரொம்பக் கீழ் ஸ்தாயியில் பாடுபவர் என்றால் இன்னும் இறக்கி வையுங்கள்.)

நாய்ஸ் கேட் ஒரு கதவு மாதிரி. சத்தம் நாம் வைக்கிற எல்லைக்கு (த்ரெஷோல்டு) மேலே போனால் திறக்கும், கீழே வந்தால் மூடும். பேச்சுக்கு அடியில் ஓடுகிற இரைச்சலை அது தொடவே தொடாது, இடைவெளிகளை மட்டும் மூடும். அதனால் என்ன ஆகிறது என்றால், பேசும்போது விசிறி ஓடுகிறது, பேச்சு நின்றால் விசிறியும் நின்றுவிடுகிறது, மறுபடி பேசினால் மறுபடி ஓடுகிறது. தொடர்ந்து இரைந்தால் மூளை அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். இப்படி விட்டு விட்டு வந்தால் கேட்பவரின் கவனம் முழுவதும் விசிறி மேல்தான் போகும்.

தமிழுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. குற்றியலுகரம் என்று படித்தோமே, ‘காற்று’, ‘வந்தது’ போன்ற சொற்களின் கடைசியில் குறைந்து ஒலிக்கும் உகரம், அரை மாத்திரை, அதைத்தான் கேட் முதலில் விழுங்குகிறது. நண்பரின் பதிவில் ‘காற்று’ என்ற சொல் ‘காற்ற்’ என்று அறுந்து நின்றது. ‘பாட்டு’ என்பதில் ‘ட்’ ஒலிக்கும்போது வாய் அடைத்து ஒரு கணம் மௌனம் வருமல்லவா, ஹோல்ட் நேரம், அதாவது சத்தம் இறங்கிய பிறகும் கதவைத் திறந்தே வைத்திருக்கும் நேரம், குறைவாக இருந்தால் அந்த நடுச்சொல் மௌனத்திலேயே கதவு மூடி, அடுத்த ஒலிப்பின் நுனியைக் கடித்துவிடுகிறது. ஹோல்டை 150–200 மில்லி விநாடிக்கு ஏற்றி, முழுதாக மூடாமல் 10 டெசிபல் மட்டும் இறக்குகிற மாதிரி வைத்தால் நிலைமை நன்றாகவே தேறுகிறது. இப்படி மென்மையாக இறக்குவதற்கென்றே எக்ஸ்பாண்டர் என்று தனியாக ஒரு எஃபெக்ட் இருக்கிறது, பேச்சுக்கு எனக்கு அதுதான் பிடிக்கும்.

நாய்ஸ் ரிடக்‌ஷன் வேலை செய்கிற விதமே வேறு. ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் இருப்பது இலவசமானது, பலருக்கும் தெரிந்தது. யாரும் பேசாத இடத்தில் ஒரு விநாடியைத் தேர்ந்தெடுத்து, ‘இதுதான் இரைச்சல்’ என்று அதற்குக் காட்ட வேண்டும். அது ஒலியை நூற்றுக்கணக்கான சிறு அதிர்வெண் பட்டைகளாகப் பிரித்து, எந்தப் பட்டையில் இரைச்சலின் அளவைத் தாண்டி ஒன்றும் இல்லையோ அந்தப் பட்டையை மட்டும் இறக்கும். எனவே பேச்சுக்கு நடுவிலேயே, குரல் இல்லாத பட்டைகளில் விசிறி குறைகிறது. விசிறி, ஏசி, மைக்கின் சொந்த ‘ஸ்ஸ்’ இரைச்சல் (ஹிஸ்) போன்ற மாறாத இரைச்சலுக்கு இதை மிஞ்ச ஆளில்லை என்பேன். நாய் குரைப்பு, ஹாரன், பாத்திரம் விழும் ஓசை போன்ற திடீர் ஓசைகளுக்கு இது உதவாது, அவை அந்த ஒரு விநாடி மாதிரியில் இல்லையே.

இதில் எல்லாரும் செய்கிற தவறு, அளவு. 20, 24 டெசிபல் என்று இழுத்துவிட்டால் குரல் தண்ணீருக்கடியிலிருந்து வருவது போல ஆகி, சொற்களின் ஓரத்தில் மணி மணியாக ஒரு சிணுங்கல் ஒட்டிக்கொள்ளும். ஆடாசிட்டியில் ‘ரெசிட்யூ’ என்று ஒரு தேர்வு இருக்கிறது, பலர் கவனிப்பதே இல்லை. எதை நீக்கப் போகிறது என்பதை மட்டும் தனியாகக் கேட்கலாம். நான் முதலில் 18 டெசிபல் வைத்து அதைப் போட்டுக் கேட்டபோது, நீக்கப்பட்டவற்றுக்குள் நண்பரின் குரல் கிசுகிசுப்பாகக் கேட்டது, சில சொற்களை அடையாளமே சொல்ல முடிந்தது! அவ்வளவு குரல் குப்பைக்குப் போயிருக்கிறது. 8 டெசிபலுக்கு இறக்கியதும் நீக்கப்பட்டவற்றில் விசிறியும், ஸகரத்தின் லேசான சீறலும் மட்டும்தான் மிஞ்சின. அங்கேயே நிறுத்திவிட்டேன்.

மூன்றாவது ஏஐ. ஜான்-மார்க் வாலின் உருவாக்கிய ஆர்என்நாய்ஸ் என்ற சிறிய நியூரல் நெட்வொர்க் ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற நேரலை, பதிவு மென்பொருளிலேயே இலவசமாக உள்ளது, நேரலையிலேயே வேலை செய்யும். இவற்றுக்கு இரைச்சல் மாதிரி காட்ட வேண்டாம். எது பேச்சு என்று கற்றுக்கொண்டு, மற்றதைத் தள்ளுகின்றன. குரைப்பு, கீபோர்டு தட்டல், தெருச் சத்தம் என்று மாறிக்கொண்டே இருக்கிற இரைச்சலில் மற்ற இரண்டும் கைவிரிக்கும் இடத்தில் இது அசத்துகிறது, இதை மறுக்கவே முடியாது. ஆனால் பேச்சு என்று அதற்குத் தோன்றாத எல்லாம் போய்விடும்: மூச்சு, அறையின் உயிர், கதை வாசிப்பவர் உணர்ச்சியில் விடுகிற ஒரு சின்னப் பெருமூச்சு. ஒரு இணையச் சேவையில் நண்பரின் பதிவை ஏற்றிப் பார்த்தேன். விசிறி துளிகூட இல்லை, பளிச்சென்று வந்தது, ஆனால் இரண்டு இடத்தில் ‘மழை’யின் ழகரம் ளகரம் பக்கம் சாய்ந்திருந்தது. சில ஏஐ கருவிகள் இரைச்சலைக் கழிப்பதோடு நிற்காமல் குரலையே திரும்ப உருவாக்கித் தருகின்றன, அதனால் எழுத்து மாறுகிற ஆபத்து நிஜமானது. முழுப் பதிவையும் ஒரு முறை காது கொடுத்துக் கேட்காமல் வெளியிடாதீர்கள். பாட்டுக்கு இன்னும் எச்சரிக்கை வேண்டும், பேச்சுக்காகப் பழக்கிய மாடல் நீண்ட கார்வையை இரைச்சல் என்று நினைத்து அமுக்கக்கூடும், பின்னால் ஒலிக்கும் சுருதியையும் சேர்த்துத் துடைத்துவிடும். சுத்தம் செய்த ஒலியையும் மூல ஒலியையும் கலக்கும் அளவை மாற்ற வசதி இருந்தால் 60–70 சதவீதத்தில் வைத்தால் போதும்.

என் தேர்வு: மாறாத இரைச்சலுக்கு நாய்ஸ் ரிடக்‌ஷன், குறைவாக. மாறுகிற இரைச்சலுக்கு, பேச்சாக இருந்தால் மட்டும், ஏஐ. நாய்ஸ் கேட்டை, இருவர் இரண்டு மைக்கில் பேசி ஒருவர் குரல் மற்றவர் மைக்கில் கசிகிற பதிவுகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் ஏற்ற இறக்கம். இதற்கு இரண்டு வழி: சத்தமான இடங்களைத் தானாக அமுக்குகிற கம்ப்ரஸர் போடுவது, அல்லது கையாலேயே வாக்கியம் வாக்கியமாகச் சத்தத்தைச் சரிசெய்வது. கை வேலைக்கு நேரம் ஆகும், ஆனால் அது எதையும் கிள்ளுவதில்லை. கம்ப்ரஸர் 6 டெசிபல் அமுக்கி, நீங்கள் அந்த 6 டெசிபலை மொத்தமாகத் திரும்ப ஏற்றினால், மௌனத்தில் இருக்கிற விசிறியும் 6 டெசிபல் ஏறிவிடும், மூச்சும் ஏறிவிடும். இரைச்சலை முதலில் குறைத்துவிட்டுத்தான் கம்ப்ரஸருக்கு வர வேண்டும் என்பது இதனால்தான். நான் எப்போதும் பெரிய மேடு பள்ளங்களைக் கையால் நிரவிவிட்டு, 3 முதல் 4 டெசிபல் வேலையை மட்டும் கம்ப்ரஸரிடம் விடுகிறேன்.

எந்தக் கம்ப்ரஸர் என்றால், குரலுக்கு இன்றும் எல்லாரும் ப்ளக்-இன்னாகப் போலி செய்கிற இரண்டு பழைய கம்ப்ரஸர் பெட்டிகள் உண்டு. 1960களில் வந்த எல்ஏ-2ஏ உள்ளே ஒரு விளக்கும் ஒளியுணர் மின்தடையும் வைத்து வேலை செய்கிறது. குரல் ஏறினால் விளக்கு பிரகாசமாகும், சத்தம் இறங்கும். விடும்போது பாதியைச் சட்டென்றும் மீதியைச் சில விநாடிகளில் மெல்லவும் விடும், அதனால்தான் அமுக்குவதே தெரியாமல் குரல் தடவிக் கொடுத்த மாதிரி வருகிறது. பயன்படுத்த இரண்டே இரண்டு முக்கியக் குமிழ்கள். பில் பட்னம் 1967இல் கொண்டுவந்த 1176 நேரெதிர். எஃப்இடி டிரான்சிஸ்டர், அட்டாக் (சத்தம் ஏறியதும் அமுக்க எடுத்துக்கொள்ளும் நேரம்) 20 மைக்ரோ விநாடி வரை வேகமாகப் போகும், திடீரென்று எகிறுகிற எழுத்தைப் பிடித்துவிடும், குரலை முன்னால் தள்ளி நிறுத்தும். (அதன் அட்டாக் குமிழ் தலைகீழ், வலப்பக்கம் திருப்பினால்தான் வேகம். போலி ப்ளக்-இன்களிலும் பெரும்பாலும் அப்படித்தான், முதல்முறை பயன்படுத்துபவர்கள் குழம்பிப்போவார்கள்.) மெல்லிசைக்கும் கதை வாசிப்புக்கும் எல்ஏ-2ஏ வகை, வேகமான ராப் போன்றவற்றுக்கு 1176 வகை. முதலில் 1176 உச்சங்களை மட்டும் லேசாகக் கிள்ள, பின்னால் எல்ஏ-2ஏ மொத்தத்தையும் நிரவ, என்று இரண்டையும் வரிசையாகப் போடுவது ஒலிப்பதிவாளர்களின் நெடுநாள் பழக்கம், நானும் பாட்டுக்கு அதைத்தான் செய்கிறேன்.

ஸகர ஊசிக்கு, அதிர்வெண்களை ஏற்றி இறக்கும் ஈக்யூவில் 6–7 கிலோ ஹெர்ட்ஸை நிரந்தரமாக வெட்டுவது மோசமான வழி. ஊசி போகும், கூடவே மற்ற எழுத்துகளின் தெளிவும் பதிவு முழுக்கப் போகும். டி-எஸ்ஸர் அந்தச் சீறல் வரும்போது மட்டும் இறக்கும், நூறு மடங்கு மேல். அதையும் அதிகமாக்கினால் ஸகரம் நாக்கு தடித்தவர் சொல்வது போல தகரத்தின் பக்கம் போய்விடும். ‘ஸ’ ஏறக்குறைய 5 முதல் 8 கிலோ ஹெர்ட்ஸில் சீறும், ‘ஷ’ அதைவிடக் கீழே, 3–4 கிலோ ஹெர்ட்ஸ் பக்கம். 7இல் டி-எஸ்ஸரை வைத்துவிட்டு ‘ஷ’ ஏன் அடங்கவில்லை என்று தேடினால் பதில் இதுதான். மூன்று நிமிடப் பாட்டு என்றால் ஒவ்வொரு சீறலையும் தேடிப்பிடித்து கையால் 4–5 டெசிபல் இறக்குவதுதான் மிகச் சுத்தமான வழி. பதினோரு நிமிடக் கதைக்கு அது கட்டுப்படியாகாது, டி-எஸ்ஸர்தான், அதுவும் கம்ப்ரஸருக்குப் பின்னால், ஏனென்றால் கம்ப்ரஸர் ஸகரத்தை இன்னும் தூக்கிவிடும்.

சுருதித் திருத்தம் பேச்சுக்கு வேண்டாம், பாடுபவர்களுக்கு மட்டும் சொல்கிறேன். நிலநடுக்க அலைத் தரவுகளை ஆராயும் துறையிலிருந்து வந்த ஆண்டி ஹில்டபிராண்ட் உருவாக்கிய ஆட்டோ-டியூன் 1997இல் வந்தது, பாடியதை அருகிலுள்ள சுரத்துக்குத் தானாக இழுக்கும். இன்னொரு சுருதித் திருத்த மென்பொருளான மெலடைனில் ஒவ்வொரு சுரமும் திரையில் ஒரு திட்டாகத் தெரியும், கையால் நகர்த்தலாம். நம் பாட்டில் கமகம் இருக்கிறதே, சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில்தான் உயிரே இருக்கிறது. தானியங்கித் திருத்தத்தை வேகமாக வைத்தால் அந்த வழுக்கல் படிக்கட்டாக உடைந்துவிடும். மெலடைனில் சுரத்தின் மையத்தை மட்டும் நகர்த்தி, அசைவை அப்படியே விடலாம். எனவே நம் பாணிப் பாட்டுக்கு மெலடைன்தான், சந்தேகமே இல்லை. அந்த ஒரு வரியை மறுபடி பாட முடிந்தால் அது இரண்டையும்விட மேல்.

ரிவெர்பா (அறை எதிரொலிப்பு), டிலேயா (தாமதமாகத் திரும்பி வரும் ஒலி) என்றால் சுருக்கமாக: ரிவெர்ப் குரலைப் பின்னால் தள்ளும், 100 மில்லி விநாடி அளவிலான ஒற்றை டிலே குரலை முன்னாலேயே வைத்துக் கனம் சேர்க்கும். ரிவெர்ப்தான் வேண்டும் என்றால் ப்ளேட் (உலோகத் தகட்டின் எதிரொலி) வகையை எடுத்து, ப்ரீ-டிலேயை, அதாவது குரலுக்கும் ரிவெர்ப் தொடங்குவதற்கும் இடையிலான நேரத்தை, 30 மில்லி விநாடிக்கு வைத்தால் சொல்லின் தொடக்கம் மூழ்காது. பதிவிலேயே எதிரொலி இருந்தால் அதை மறைக்க ரிவெர்ப் போடாதீர்கள், இரண்டு அறையும் சேர்ந்து கேட்கும். கதை வாசிப்புக்கு நான் எதுவுமே போடவில்லை.

கடைசியில் மொத்தச் சத்தம். உச்சத்தை மட்டும் பார்த்து ஏற்றுவதைவிட எல்யூஎஃப்எஸ் (LUFS) என்ற சத்த அளவில் சரிசெய்வது மேல், அதுதான் காதுக்குத் தெரிகிற சத்தம். பாட்காஸ்ட்டுக்கு ஆப்பிள் பரிந்துரைப்பது −16 எல்யூஎஃப்எஸ், உச்சம் −1 டெசிபலைத் தாண்டாமல். நண்பரின் கோப்பையும் அப்படியே வைத்து மோனோவில் அனுப்பினேன். ஹெட்ஃபோன் போட்டு உன்னிப்பாகக் கேட்டால் விசிறி தூரத்தில் எங்கோ ஓடுகிறது. ‘காற்று’ கடைசி உகரம் வரை கேட்கிறது.