தர்மபுரியா, ஓசூரா, போன் திரையா: குடியை நிறுத்த எந்தக் கூட்டம் ஒத்துவரும்?

குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடிப் பேசும் கூட்டத்தைத் தேடுவதற்கு முன் ஒரு கேள்வி. காலையில் எழுந்ததும் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நிற்கிறதா? ஆம் என்றால் முதல் வாரம் கூட்டத்துக்கு அல்ல, ஆஸ்பத்திரிக்கு. தினமும் குடித்துப் பழகிய உடம்பில் நிறுத்திய 6 முதல் 8 மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளுக்குள் இல்லாத பூச்சியைத் தட்டிவிடுவது, வீட்டு ஆட்களையே தெரியாமல் உளறுவது என்று போனால் உயிருக்கே ஆபத்து. தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மனநலப் பிரிவில் காட்டுங்கள். பக்கத்து கிளினிக்கில் 'தெம்புக்கு' வெறும் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். தயமின் (வைட்டமின் பி1) வற்றிப்போன உடம்பில் அந்தச் சத்து ஊசிக்கு முன்பே குளுக்கோஸ் போனால் மூளை பாதிக்கப்படலாம்.

நடுக்கம் அடங்கிய பிறகுதான் கூட்டப் பேச்சு. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏஏ, 1935ல் அமெரிக்காவில் தொடங்கியது. இந்தியாவில் 1957 முதல் இருக்கிறது. கட்டணம் இல்லை, அடையாள அட்டை கேட்பதில்லை. டீக்கும் இட வாடகைக்கும் உறுப்பினர்களே இஷ்டப்பட்டதைப் போடுவார்கள். குடியை நிறுத்த ஆசை இருந்தால் போதும், அதுதான் ஒரே தகுதி. பல ஊர்களில் சர்ச் வளாகத்தில் கூடுவதால் மதக் கூட்டம் என்று நினைத்துத் திரும்பிவிடுகிறார்கள். இடம்தான் சர்ச்சுடையது, அங்கே சொல்லும் 'மேலான சக்தி' என்பதை முனியப்பன் என்றும் எடுத்துக்கொள்ளலாம், அந்தக் கூட்டத்தையே என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

நம் பக்கத்தில் உண்மையான சிக்கல் வேறு: தெரிந்த முகம். பாலக்கோட்டுக்காரர் தர்மபுரிக் கூட்டத்தில் மாமன் மச்சானைப் பார்த்துவிடுவோமோ என்று பயப்படுவார். தர்மபுரியிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர் தள்ளி கிருஷ்ணகிரிக்கோ, இன்னும் 50 போய் ஓசூருக்கோ போவது அதற்கு ஒரு வழி. ஆனால் மாலைக் கூட்டம் முடிய எட்டரை ஆனால் பென்னாகரம், தேன்கனிக்கோட்டை உள்கிராமங்களுக்கு பஸ் எப்போது? டாஸ்மாக் இரவு 10 வரை திறந்திருக்கும். கூட்டத்தில் கிடைத்த தெம்பு பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் காத்திருக்கும்போது கரைந்துவிடும். அதனால் எங்கள் கணக்கு இப்படி: நல்ல கூட்டம், சுமாரான கூட்டம் என்று பார்க்காமல், திரும்பும் பஸ் உள்ள கூட்டத்தைப் பிடியுங்கள். ஞாயிறு காலைக் கூட்டம் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. கிளம்பும் முன் போனில் இடமும் நேரமும் உறுதி செய்துகொள்ளுங்கள், இரண்டும் மாறும். 'ஓப்பன் மீட்டிங்' என்றால் வீட்டாரும் உட்காரலாம். 'குளோஸ்ட்' என்றால் குடியை விட நினைப்பவர் மட்டும்.

ஓசூர்க்காரர்களுக்கு பெங்களூரு 40 கிலோமீட்டர்தான். நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது, அடிமைப் பழக்கத்துக்கென்று தனிப் பிரிவும் உண்டு. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுபவருக்கு மொழியும் சிக்கலில்லை. சிப்காட் ஷிப்ட் மாறும் வாரத்தில் மட்டும் அந்தப் பயணம் கைகொடுக்காது.

அந்த வாரங்களுக்கு ஆன்லைன் கூட்டம். கேமராவை அணைத்துவிட்டு வெறுமனே கேட்கலாம். பெண்களுக்கு பெரும்பாலும் இதுவே முதல் வாசல். பலவீனம் என்னவென்றால், ஒருவர் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தாலும் எதிரே இருப்பவருக்கு வாசம் வராது. நேர்க் கூட்டத்துக்கு ஊன்றுகோலாக வையுங்கள், மாற்றாக அல்ல.

மாத்திரை மட்டும் போதாதா என்பார்கள். குடியை விடக் கொடுக்கும் டைசல்பிராம் மாத்திரை உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழும். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அப்படி ஆகலாம். குடிப்பவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுப்பது ஆளையே கொல்லக்கூடிய காரியம். மருந்து குடிக்கப் போகும் கையைத் தடுக்கும், ஆறு மணிக்குப் பிறகு என்ன செய்வது என்று சொல்லித்தராது.

மாலை போடுவதை நாங்கள் கேலி செய்யமாட்டோம். விடியற்காலைக் குளியல், குருசாமி, பஜனை என்று 41 நாளைக்கு அது ஒரு கூட்டமேதான். மாலை கழற்றும் அன்றே கூட்டம் கலைந்துவிடுகிறது என்பதுதான் கோளாறு. அந்த வாரத்துக்குள் ஏஏ பக்கம் போனவர் தப்பிப்பார். நடுக்கம் உள்ளவர் டாக்டரைப் பார்க்காமல் மாலை போட்டு ஒரேயடியாக நிறுத்தக் கூடாது.

தனியார் மறுவாழ்வு மையம் கடைசித் தேர்வு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017ன்படி பதிவுச் சான்று வேண்டும். சுவரில் இல்லையென்றால் கேளுங்கள். டாக்டர் எந்த நாளில் வருகிறார், வீட்டார் எப்போது பார்க்கலாம், வெளியே வந்தபின் எந்தக் கூட்டத்தோடு சேர்த்துவிடுவார்கள் என்றும் கேளுங்கள். சங்கிலியில் கட்டுவது சட்டப்படி குற்றம். "ஆள் அனுப்பித் தூக்கிக்கொள்கிறோம்" என்றால் போனை வைத்துவிடுங்கள்.

வீட்டாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு. குடிப்பவர் வராவிட்டாலும் மனைவியோ அம்மாவோ போகலாம். எங்கே தொடங்குவது என்று புரியாதவர் 14446 என்ற கட்டணமில்லா எண்ணுக்கு அழைக்கலாம்.

இடையில் ஒரு குவார்ட்டர் போட்டுவிட்டால்? அடுத்த கூட்டத்துக்கே போய்விடுங்கள். பேசாமல் உட்காரச் சொல்வார்கள், வெளியே போகச் சொல்லமாட்டார்கள்.