விரல் போன பிறகு வாங்கிய டேபிள் சா

என் இடது கை ஆள்காட்டி விரலுக்கு நுனி கிடையாது. பழைய டேபிள் சாவில் (மேசையில் பொருத்திய வட்ட ரம்பம்) ஒரு ஒல்லி ரீப்பரைக் கிழிக்கும்போது, கைக்கெட்டும் தூரத்தில் கிடந்த புஷ் ஸ்டிக்கை (மரத்தைத் தள்ளும் குச்சி) எடுக்கச் சோம்பல்பட்டு விரலாலேயே தள்ளினேன். வலி பிறகுதான் வந்தது. ரம்பத்தின் சத்தம் மாறியதுதான் முதலில் தெரிந்தது. அதனால் இப்போது வைத்திருக்கும், விரல் பட்டால் தானாக நிற்கும் டேபிள் சாவான சாஸ்டாப்பைப் பற்றிக் கொஞ்சம் ஒரு பக்கம் சாய்ந்துதான் பேசுவேன்.

இதன் பிளேடில் மெல்லிய மின் சமிக்ஞை ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். காய்ந்த மரம் அதை இழுக்காது, நம் உடம்பு இழுக்கும். தோல் பட்டதும் ஒரு ஸ்பிரிங் விடுபட்டு, அலுமினியக் கட்டையைப் பற்களுக்குள் திணிக்கும். அதுதான் பிரேக். 5 மில்லி செகண்டுக்குள் பிளேடு நின்று மேசைக்குக் கீழே போய்விடும். ஆழமாக அறுபடவேண்டிய இடத்தில் பெரும்பாலும் சின்னக் கீறல்தான். 1999-இல் இதைக் கண்டுபிடித்த ஸ்டீவ் காஸ் காப்புரிமை வழக்கறிஞர், இயற்பியலும் படித்தவர். சாசேஜை வைத்துச் சோதித்தது போதாதென்று கடைசியில் தன் விரலையே கொடுத்துப் பார்த்தார். எனக்கு அவ்வளவு தைரியம் இல்லை.

ஆனாலும் என்னிடம் ஒருமுறை பிரேக் அடித்திருக்கிறது. மைட்டர் கேஜை (பலகையைக் கோணம் பிடித்துத் தள்ளும் வழிகாட்டி) சரியாக நகர்த்தாமல் விட்டேன். அதன் அலுமினிய முனை பிளேடில் உரசியது. வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம், கண்ணெதிரே இருந்த பிளேடைக் காணோம். தப்பு என்னுடையது. பிரேக் அடங்கிய கார்ட்ரிட்ஜ் ஒரே தடவைக்குத்தான், பிளேடும் அதோடு சேர்த்துப் போச்சு. ஒரு கார்ட்ரிட்ஜை எப்போதும் கையிருப்பில் வைத்துக்கொள்ளுங்கள். அகலமான பள்ளம் வெட்டும் டாடோ பிளேடு போடுபவர்களுக்கு அதற்கென்று தனி கார்ட்ரிட்ஜ் வேண்டும்.

ஈர மரமும் மின்சாரம் கடத்தும் என்பதால் அதை அறுக்க, பிரேக்கை அணைக்கும் பைபாஸ் சாவியைத் திருப்ப வேண்டும். ஒவ்வொரு முறை மோட்டாரை ஓட்டும்போதும் மறுபடி திருப்ப வேண்டும். எரிச்சல்தான், ஆனால் அப்படித்தான் இருக்க வேண்டும். பிரேக்கை அணைத்துவிட்டு மறந்துபோகிற ஆள் நான்.

இன்னொன்று, கிக்பேக்கை இந்த பிரேக் தடுக்காது. பலகை ஃபென்ஸுக்கும் (பலகையை ஒட்டி நகர்த்தும் பக்கத் தடுப்பு) பிளேடுக்கும் நடுவே சிக்கி வயிற்றைப் பார்த்துப் பாய்ந்தால், அங்கே காப்பது பிளேடுக்குப் பின்னால் நிற்கும் தகடான ரிவிங் நைஃபும் நாம் நிற்கும் இடமும்தான். கையுறையும் வேண்டாம், பிளேடு அதைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

புஷ் ஸ்டிக்கை இப்போது ஃபென்ஸிலேயே காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறேன்.