அடுப்படிப் புகைக் கணக்கை எப்படிச் சொல்வது: தாளா, விளக்கா, கூட்டமா, புளியங்கொட்டையா?

கொள்ளிடம் கடலில் சேரும் பக்கம், பிச்சாவரம், கிள்ளைச் சுற்றுவட்டாரத்து இருளர் குடியிருப்புகளில் கருவி வைத்து அடுப்படிக் காற்றை அளப்பது பெரிய வேலையில்லை. அளந்ததைச் சமைக்கிறவரிடம் சொல்லும்போதுதான் பலரும் சறுக்குகிறார்கள். எந்த முறை தேறும் என்று பார்க்க ஒரு கீற்று வீட்டைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். விறகு அடுப்பு எரியும் 2 மணி நேரம் நுண்துகள் (பி.எம். 2.5) கனமீட்டருக்கு 930 மைக்ரோகிராம், மீதி 22 மணி நேரம் 30. நாள் சராசரி 105.

அச்சடித்த தாளில் இந்த 105 மட்டும்தான் வரும். காலையில் ஊதுகுழலோடு அடுப்பில் குனிந்த நேரம் அதில் கரைந்துபோகும். பக்கத்தில் இரண்டு 24 மணி நேர வரம்புகள் வேறு: இந்தியத் தர அளவு 60, உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 15. இரண்டையும் போட்டால் ‘60க்குள் வந்தால் போதும்தானே’ என்ற கேள்வி வரும், அதற்குத் தாளில் பதில் இருக்காது. இன்னொன்றும் நடக்கும். அந்தத் தாள் ரேஷன் கார்டு, ஆதார் இருக்கிற பிளாஸ்டிக் பைக்குள் பத்திரமாகப் போய்விடும். முத்திரை இருந்தால் பட்டாவுக்கோ வீட்டுக்கோ உதவும் என்ற எண்ணம். அதில் தப்பும் இல்லை. ஆகவே தாள் கொடுப்பதானால் முத்திரை வேண்டாம். விறகு எங்கே பொறுக்கியது என்ற வரியும் வேண்டவே வேண்டாம், அது யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது.

புகை அளவுக்கேற்பப் பச்சை, மஞ்சள், சிவப்பு எரியும் விளக்குப் பெட்டிக்கு ஒரு பலம் உண்டு: உடனே தெரியும். சிவப்பு வந்ததும் பிள்ளைகளே ஓடித் தட்டியைத் திறப்பார்கள். குறை என்னவென்றால், சமைக்கும்போதெல்லாம் சிவப்பேதான். காய்ந்த விறகுக்கு மாறி 930ஐ 500க்கு இறக்கினாலும் சிவப்பு சிவப்பாகவே நிற்கும். பாதியளவு குறைத்தவருக்கு ஒன்றும் குறையவில்லை என்று பொய் சொல்கிற விளக்கு அது. ஒளிச்சிதறலால் அளக்கும் மலிவுக் கருவிகளுக்கு ஈரமும் ஆகாது. ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மார்கழிப் பனியிலும் துகள் நீரை உறிஞ்சிப் பருக்கும், எண் ஏறும். அடுப்பே மூட்டாத விடியலில் சிவப்பு எரிந்தால், அன்றோடு அந்தப் பெட்டியின் மேல் துணி விழுந்துவிடும்.

ஊர்க்கூட்டத்தில் வீடுவாரியாக எண் வாசிப்பதைக் கைவிடுங்கள். ‘அவ வீட்டுல அதிகமாம்’ என்ற பேச்சு மட்டுமே மிஞ்சும், அடி மாமியாருக்குக் கீழே இருக்கிற மருமகளுக்கு விழும். குப்பை எரிப்பு, வைக்கோல் எரிப்பு, சாயங்காலக் கொசுமூட்டம் மாதிரிப் பொதுப் புகைக்குக் கூட்டம் சரியான இடம். அதற்கு வெளியிலும் ஒரு கருவி வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊர்ப்புகையும் அந்தப் பெண்ணின் அடுப்புக் கணக்கில் ஏறிவிடும். போகி நாளில் அளக்கவே வேண்டாம்.

பம்பு வைத்து அடுப்படிக் காற்றை இழுத்துப் புகை படிந்த வடிதாளைக் காட்டினால் எல்லோரும் வாயடைத்துப் போவார்கள். ஆனால் கறுப்பு என்பது எடை அல்ல. சிம்னி விளக்குக் கரி கொஞ்சமே இருந்தாலும் தாள் மையாகும், வரட்டிப் புகை நிறைய இருந்தும் பழுப்பாக நிற்கும். இரண்டு வீட்டுத் தாளைப் பக்கத்தில் வைத்தால் தப்பான வீடு மாட்டும். வாட்ஸாப் குரல்பதிவு நினைவூட்ட மட்டும் போதும்.

எங்கள் ஓட்டு புளியங்கொட்டைக்கு. ஒரு கொட்டை என்பது நாள் சராசரியில் 15, அதாவது உலக சுகாதார நிறுவன வரம்பு. கணக்கு வீட்டின் 105க்கு ஏழு கொட்டை. முதலில் சமைக்கிறவரிடம் தனியாக, அடுப்பு அணைந்த நேரத்தில் உட்காருங்கள். எண்ணைச் சொல்லும் முன் அவரிடம் கேளுங்கள்: ‘அக்கா, நேத்து எப்ப அடுப்பு மூட்டுனீங்க? கொசுவுக்கு எப்ப புகை போட்டீங்க?’ அவர் சொன்ன நேரங்களைத் தரையில் கோடாகப் போட்டு, கருவிப் பதிவைப் பார்த்து அந்தந்த இடத்தில் கொட்டையை வையுங்கள். சமையல் நேரத்தில் ஐந்து விழும் (930ஐ 2 மணி நேரத்தால் பெருக்கி வரும் 1,860ஐ 24ஆல் வகுத்தால் 77.5, அதாவது ஐந்துக்குச் சற்று மேல்), மீதி நாள் முழுக்க இரண்டு. அதற்குப் பிறகு ஒரே கேள்வி: ‘இதுல எதை எடுக்கலாம்?’ விறகைப் பிளந்து காயவைப்பதா, அடுப்பைத் தாழ்வாரத்துக்கு மாற்றுவதா, காலைத் தேநீர் மட்டும் கேஸிலா என்பதை அவர் சொல்லட்டும். சிலிண்டர் நிரப்பக் காசில்லாத வீட்டில் ‘கேஸுக்கு மாறுங்க’ என்பது அறிவுரை ஆகாது.

இதிலும் கோளாறு வரும். ஒரு மணி நேரத்து 930ஐ நேராக 15ஆல் வகுத்து 62 கொட்டை கொட்டிக் காட்டுவது முதல் தப்பு, 15 என்பது 24 மணி நேர அளவு. அடுத்தது உயரம். வழக்கமான நெறிப்படி கருவி அடுப்பிலிருந்து 100 செ.மீ. தள்ளி, தரைக்கு மேல் 145 செ.மீ.யில் இருக்கும். அது நிற்பவரின் மூக்கு. சூடான புகை கூரைப் பக்கம் தேங்குவதால் உட்கார்ந்து சமைப்பவர் சுவாசிப்பது வேறு அளவாக இருக்கலாம், அதை அவரிடமே சொல்லிவிடுங்கள். மறுபடி அளக்கும்போது கருவி அதே ஆணியில் தொங்கட்டும், அதே மாதிரிச் சமையல் நாளாக இருக்கட்டும். நெல் அவிக்கிற நாளையும் வெறும் சோறு வடிக்கிற நாளையும் ஒப்பிட்டால் கொட்டை கூடியதற்கு யாரும் காரணம் சொல்ல முடியாது.