ஏழு வருடம் கழித்து அந்தப் பயிற்சியில் மிஞ்சியது

என் மேஜை இழுப்பறையில் ஒரு தடித்த நீல ஃபைல் கிடக்கிறது. உதவி எண்ணில் ஃபோன் எடுப்பவர்களுக்கான பயிற்சி வகுப்பில், ஏழு வருடத்துக்கு முன் கொடுத்தது. அதில் பாதி இன்று செல்லாது. வருமான வரம்புகள் ஜனவரிக்கு ஜனவரி மாறுகின்றன, முக்கியமாக 65 வயதானவர்களுக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் பிரீமியமும் அப்படியே. கடைசிப் பகுதியில் இருக்கும் தொலைபேசி எண்களில் எத்தனை உயிரோடு இருக்கின்றனவோ! அப்படியும் அதைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் "அந்தப் பயிற்சி உருப்படியா?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நியூ ஜெர்சியில் ஒரு கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) முதியோர், மாற்றுத்திறனாளிகள் உதவி எண்ணில் ஃபோன் எடுப்பவன் நான். இந்த மாநிலத்தில் 21 கவுண்டிகள், ஒவ்வொன்றுக்கும் இப்படி ஓர் அலுவலகம். 1965-இல் வந்த ஓல்டர் அமெரிக்கன்ஸ் ஆக்ட்தான் இதற்கு மூலம். 1973-இல் செய்த திருத்தத்தில் வட்டார அலுவலகங்கள் வந்தன. இப்போது நாடு முழுக்க 600-க்கு மேல் இருக்கின்றன. வேலைக்குப் பெயர் 'இன்ஃபர்மேஷன் அண்ட் ரெஃபரல்', எங்கள் வாயில் 'ஐ அண்ட் ஆர்'. ஊரில் இருக்கும் அம்மாவிடம் இதை விளக்கியபோது, "தாலுகா ஆபீஸ் வாசல்ல மனு எழுதிக் கொடுக்கிறவர் செய்யற வேலைதானே?" என்றார். கிட்டத்தட்ட சரி. எந்த மனுவை எந்த ஜன்னலில் நீட்ட வேண்டும் என்று தெரிந்தவர்கள்தான் நாங்களும்.

முதலில் நான்கு நாள் வகுப்பு, அலுவலகச் செலவில். ஃபோனில் சில காலம் உட்கார்ந்தபின் சான்றிதழ்த் தேர்வு. தேர்வை நடத்துவது இன்ஃபார்ம் யூஎஸ்ஏ, முன்பு ஏர்ஸ் என்று அழைக்கப்பட்ட அமைப்பு. முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பணிசெய்கிறவர்களுக்குத் தனிச் சான்றிதழ் உண்டு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தேர்வைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஃபோனில் உட்கார்ந்து பழகியவருக்கு அது பயமுறுத்தாது, உட்காராதவர் மனப்பாடம் செய்தும் திணறுவார்.

வகுப்பில் முதல் நாளே பயிற்சியாளர் ஒன்று சொன்னார்: கேட்ட எண்ணை உடனே கொடுத்துவிடாதீர்கள். எனக்கு அப்போது எரிச்சலாக இருந்தது. கேட்டதைக் கொடுப்பதற்குத்தானே சம்பளம்? இரண்டாம் வருடம் ஒருவர் அழைத்தார். (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.) வயது 66. பஸ்ஸில் முதியோருக்கான பாதிக் கட்டண அட்டை எங்கே வாங்குவது என்று மட்டும் கேட்டார். ஒரு நிமிட வேலை. மெடிகேர் அட்டை இருந்தால் கூட்டம் குறைந்த நேரத்தில் பாதிக் கட்டணம் தரவேண்டும் என்பது மத்திய அரசு விதி. அதனால், "மெடிகேர் அட்டை வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன்.

"அது எனக்குத் தேவையில்லை, கோப்ரா இருக்கிறது."

வேலை போனபிறகு, முழு பிரீமியத்தையும் நாமே கட்டிப் பழைய கம்பெனியின் காப்பீட்டைத் தொடர்வதுதான் கோப்ரா. அதைக் கையில் வைத்துக்கொண்டு மெடிகேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் ஏராளம். விதி அப்படி இல்லை. வேலையில் இருக்கும்வரை கம்பெனி காப்பீடு கணக்கில் வரும், கோப்ரா வராது. வேலை முடிந்ததிலிருந்து எட்டு மாதத்துக்குள் பார்ட் பி-யில், அதாவது மெடிகேரில் டாக்டர் செலவைப் பார்த்துக்கொள்ளும் பகுதியில், சேர வேண்டும். தவறினால் அடுத்த ஜனவரி முதல் மார்ச் வரை காத்திருக்க வேண்டும், தாமதமான ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் பிரீமியத்தில் 10 சதவீதம் கூடும். அந்த அபராதத்தை பார்ட் பி இருக்கும்வரை கட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அவருக்கு வேலை போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. இன்னும் இரண்டே மாதம். மெடிகேர் குழப்பங்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்லும் ஷிப் ஆலோசகரிடம் அன்றைக்கே இணைத்துவிட்டேன். பஸ் அட்டை விஷயத்தை இருவருமே மறந்துவிட்டோம். மறுநாள் அவரே திரும்ப அழைத்து அதைக் கேட்டார்.

எட்டு மாதக் கணக்கு என் ஃபைலிலும் இருந்தது, அரசு இணையதளத்திலும் இருக்கிறது. 'இன்னும் ஒரு கேள்வி கேள்' என்ற பழக்கம் அந்த வகுப்பில் வந்தது. நான்கு நாளில் ஒன்றரை நாள் வெறும் நடிப்புப் பயிற்சி: ஒருவர் அழைப்பவர், ஒருவர் எடுப்பவர், மற்றவர்கள் குறை சொல்பவர்கள். கூச்சமாக இருக்கும், நெளிவோம். இன்றுவரை எனக்குப் பயன்படுவது அந்த ஒன்றரை நாள்தான். இப்போது அதே பாடத்தை ஆன்லைனில் அவரவர் வேகத்தில் படிக்கலாம் என்கிறார்கள். நானும் புதுப்பித்தலுக்காக அப்படிச் சில பாடங்கள் பார்த்தேன். மெடிகேர் விதிகளுக்கு அது போதும். காது பழக அது போதாது.

எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்த பாடம், முடிவைச் சொல்லாதே என்பது. வழிகளை எடுத்து வை, தேர்வு அவருடையது. நம்மவர்களிடம் இதைச் செய்து பாருங்கள்! "அதெல்லாம் சரி சார், நீங்களே ஒண்ணு சொல்லிடுங்க" என்பார்கள். எனக்கும் சொல்லிவிடத்தான் வாய் துறுதுறுக்கும். நம் ஊர் வளர்ப்பு அப்படி.

ஒருமுறை ஒரு மகன் அழைத்தார். அம்மா கிரீன் கார்டில் வந்து இரண்டு வருடம். அப்பார்ட்மெண்ட்டில் யாரோ, முதியோர் பகல்நேர மையத்துக்கு மெடிக்கெய்டில் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) இலவசமாகப் போகலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். கிரீன் கார்டு வாங்கிப் பொதுவாக ஐந்து வருடம் ஆகாமல் மெடிக்கெய்ட் கிடையாது. 65 வயதானவருக்கு மெடிகேரைப் பணம் கட்டி வாங்குவதற்கும் ஐந்து வருடத் தொடர்வசிப்பு வேண்டும். இதைச் சொன்னதும், காசு கட்டியாவது சேர்த்துவிடுகிறேன் என்றார். முன்பாயிருந்தால் நானும் மையங்களின் பட்டியலைக் கொடுத்திருப்பேன். யாருக்கு உதவியோ அவரிடமே பேசு, வீட்டு ஆளை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொள்ளாதே என்று வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். மொழி தெரியாதவருக்கு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது அலுவலகத்தின் பொறுப்பு. 1964-ஆம் வருடக் குடிமை உரிமைகள் சட்டத்திலிருந்து (சிவில் ரைட்ஸ் ஆக்ட்) வரும் கடமை அது. இங்கே அதற்கும் அவசியமில்லை, நானே தமிழ். "அம்மாகிட்ட கொஞ்சம் கொடுங்க" என்றேன்.

"தம்பி, மையமெல்லாம் எதுக்கு? இங்க பஸ் எங்க நிக்கும்னு தெரிஞ்சா போதும். நானே கடைக்குப் போய்ட்டு வந்துருவேன்" என்றார்.

மகன் பக்கத்தில் ஒன்றும் பேசவில்லை. மையத்தின் தகவலையும் கவுண்டி வண்டியின் தகவலையும் சேர்த்தே கொடுத்தேன். எதை எடுத்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் சொல்லி முடிவெடுக்க வேண்டிய விஷயமும் அல்ல அது.

சரி, குறைகள். மாற்றுத்திறனாளிகள் பகுதிக்கு நான்கு நாளில் ஒரே ஒரு மதியம்தான் கொடுத்தார்கள். தலைப்பில் பாதி அவர்கள், நேரத்தில் எட்டில் ஒரு பங்கு. எந்தச் சொல்லைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதிலேயே அது போய்விட்டது. அதன் பலனை முதல் மாதமே அனுபவித்தேன். 711 ரிலே வழியாக ஒரு காது கேளாதவரின் அழைப்பு வந்தது. அவர் தட்டச்சு செய்வதை நடுவில் ஒரு ஆபரேட்டர் வாசித்துச் சொல்வார். நான் ஆபரேட்டரிடம், "விண்ணப்பம் அனுப்புகிறேன் என்று அவரிடம் சொல்லுங்கள்" என்றேன். ஆபரேட்டர் அதையும் அப்படியே தட்டி அனுப்பினார். மறுமுனையிலிருந்து பதில்: "நான் இங்கேதான் இருக்கிறேன்." காது மடல் சுட்டது.

அந்தப் பாதியை எனக்குக் கற்றுக்கொடுத்தது பக்கத்து ஊரிலிருக்கும் சுயவாழ்வு மையத்தின் (இண்டிபெண்டன்ட் லிவிங் சென்டர்) ஆட்கள். 1972-இல் பெர்க்லியில் எட் ராபர்ட்ஸும் நண்பர்களும் தொடங்கிய மரபில் வந்த மையங்கள் அவை. ஊழியர்களிலும் நிர்வாகக் குழுவிலும் பெரும்பான்மையோர் மாற்றுத்திறனாளிகளாக இருக்க வேண்டும் என்பது சட்டம். ரெஃபரல் அவர்களுக்கும் அடிப்படைச் சேவைதான், ஆனால் அவர்கள் பேசும் தினுசே வேறு. நாங்கள் "அவரைப் பாதுகாப்பாக எங்கே வைக்கலாம்?" என்று ஆரம்பிப்போம். அவர்கள் "வீட்டிலேயே இருக்க என்ன வேண்டும்?" என்று ஆரம்பிப்பார்கள். காரணமில்லாமல் மனிதரை நிறுவனத்துக்குள் வைத்திருப்பதே பாகுபாடு என்று உச்ச நீதிமன்றம் 1999-இல் ஓல்ம்ஸ்டெட் வழக்கில் சொன்னது. என் ஃபைலில் அதற்கு இரண்டு வரி. முதுகெலும்பு அடிபட்ட ஓர் இளைஞரை நர்சிங் ஹோமிலிருந்து வெளியே கொண்டுவர அவர்கள் நடையாய் நடந்ததைப் பார்த்தபிறகுதான் அந்த இரண்டு வரி எனக்குப் புரிந்தது.

முதியோர் வேறு, மாற்றுத்திறனாளி வேறு என்று வகுப்பு பிரித்ததில் இன்னொரு சிக்கலும் உண்டு. 82 வயதில் பார்வை போய்க்கொண்டிருக்கும் பாட்டி, "எனக்கு ஊனமெல்லாம் இல்லை, கண்தான் கொஞ்சம் மங்கல்" என்பார். முதியோர் பட்டியலில் மட்டும் தேடினால் அவருக்குச் சாப்பாடு கிடைக்கும். பார்வையற்றோருக்கான மாநில ஆணையம் வெள்ளைக் கோல் பிடிக்கவும் அடுப்பைத் தடவிப் பார்த்துச் சமைக்கவும் சொல்லிக்கொடுக்கும் என்பது அவர் காதுக்கே போகாது.

ஒன்றுமே இல்லை என்று சொல்ல நேரும் அழைப்பை யாரும் நடித்துக் காட்டவில்லை. வகுப்பில் எல்லா அழைப்புக்கும் ஏதோ ஒரு ரெஃபரல் இருந்தது. நிஜத்தில், வாடகை மானிய வீட்டுக்கான காத்திருப்புப் பட்டியலே மூடிக்கிடக்கும். "அடுத்த மாசம் எங்கே போவேன்?" என்பவரிடம் பட்டியல் மூடியிருக்கிறது என்று சொல்லிவிட்டு, அவர் அழுது முடிக்கும்வரை ஃபோனை வைக்காமல் இருப்பதை நானாகத்தான் கற்றுக்கொண்டேன்.

திரும்ப அழைத்துக் கேள் என்ற பாடத்தை மட்டும் தயங்காமல் பாராட்டுவேன். பல அலுவலகங்களில் நேரமில்லை என்று முதலில் வெட்டுவது இதைத்தான், எங்கள் இடத்திலும் வெட்டப் பார்த்தார்கள். பத்து நாள் கழித்து ஒரு பெண்மணிக்கு அழைத்தேன். "நீங்க கொடுத்த எண்ணில் தினமும் கூப்பிடுகிறேன், கீச்சென்று ஒரு சத்தம்தான் வருகிறது" என்றார். பொறுமைசாலி. நான் கொடுத்தது ஃபேக்ஸ் எண். எங்கள் பட்டியலில் தப்பாக ஏறி எத்தனை மாதம் ஆகியிருந்ததோ, அத்தனை பேரும் அந்தக் கீச்சைக் கேட்டுவிட்டு எங்களைத் திட்டியிருப்பார்கள்.

ஆக, சேரலாமா? சேருங்கள், ஆனால் வேலையில் ஆறு மாதமாவது உட்கார்ந்தபின். முதல் வாரமே அனுப்பினால் கேள்வியே எழாது. நேரடி வகுப்பாகப் பாருங்கள், கட்டணத்தை அலுவலகத்தைக் கட்டச் சொல்லுங்கள். சுயவாழ்வு மையத்தில் இரண்டு நாள் உட்கார அனுமதியும் கேளுங்கள், அது இலவசம்.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த பெண் அந்த நீல ஃபைலைக் கேட்டார். கடைசிப் பகுதியை உருவி எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுத்தேன்.