சுகரோடு கர்ப்பம்: நான் சேர்ந்த உணவு ஆலோசனைத் திட்டம்

எனக்கு டைப் 2 சர்க்கரை நோய் வந்து நான்கு வருடம் கழித்துத்தான் கரு நின்றது. 11-வது வாரத்தில் ஓர் ஆன்லைன் உணவு ஆலோசனைத் திட்டத்தில் சேர்ந்து, பிரசவம் வரை தொடர்ந்தேன். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன்.

அதற்கு முன் வேறோர் இடத்தில் கிடைத்த அறிவுரை, "மாவுச்சத்தைக் குறைங்க" என்பது மட்டும்தான். குறைத்தேன். பசி தாங்காமல் அந்த இடத்தைக் கொழுப்பால் நிரப்பினேன். மீட்டரில் எண் நன்றாகவே வந்தது, நானும் நிம்மதியாக இருந்தேன். இங்கே ஆலோசகர் என் மூன்று நாள் சாப்பாட்டுக் குறிப்பைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது: "சுகர் சரி, இவ்வளவு கொழுப்பு எதுக்கும்மா?"

அவர் விளக்கிய விதத்துக்காகவே இதில் சேரலாம். அம்மாவின் குளுக்கோஸ் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்விடும்; அம்மாவின் இன்சுலின் போகாது. அதனால் குழந்தையின் கணையமே கூடுதலாக இன்சுலின் சுரக்கும். அது இதயத் தசையைத் தடிக்க வைக்கலாம், முக்கியமாகக் கீழறைகள் இரண்டுக்கும் நடுவில் உள்ள சுவரை. தாய் எலிக்குச் சர்க்கரை நோயோடு கொழுப்பு மிகுந்த உணவும் சேர்ந்தபோது, அதன் குட்டிகளின் இதயச் செல்களில் மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் பகுதி) சரியாக இயங்கவில்லை என்று ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். எலிக்கு நடந்தது அப்படியே மனிதருக்கும் நடக்கும் என்று சொல்ல முடியாது என்பதையும் அவரே சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

சுகர் இலக்கு: வெறும் வயிற்றில் 95-க்குக் கீழ், சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 140-க்குக் கீழ். மாவுச்சத்தை வெட்டவே விடவில்லை. நாளுக்கு 175 கிராமாவது வேண்டும் என்றார், கூடவே 28 கிராம் நார்ச்சத்து. பிரித்துப் பிரித்துச் சாப்பிட்டேன். மருந்து அளவை என் மருத்துவரே பார்த்துக்கொண்டார்.

32-வது வாரம் குழந்தையின் இதயத்துக்கு எக்கோ (ஸ்கேன்) எடுத்தபோது, திரையில் அந்தச் சுவரைச் சுட்டிக்காட்டி, "கொஞ்சம் தடிப்பா இருக்கு" என்றார்கள். நடுவில் ஒரு வெள்ளைப் பட்டை, இரண்டு பக்கமும் படபடவென்று துடிப்பு. அன்று ராத்திரி ஆலோசகருக்குச் செய்தி அனுப்பினேன். மறுநாள் காலையிலேயே அழைத்து, முந்தைய பத்து நாள் எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, இரவுச் சாப்பாட்டை மாற்றிக் கொடுத்தார். பெரும்பாலும் பிறந்தபின் சில மாதங்களில் சரியாகிவிடும் என்றும் சொன்னார். என் மகளுக்கு ஆறாவது மாத எக்கோவில் சரியாகியிருந்தது.

ஒரு மதிப்பெண்ணை ஏன் பிடித்துக்கொண்டேன் என்றால், இவர்கள் கர்ப்பம் உறுதியான பிறகுதான் சேர்க்கிறார்கள். குழந்தையின் இதயம் உருவாவதோ கருத்தரித்த மூன்றாவது வாரத்துக்கும் எட்டாவது வாரத்துக்கும் இடையில். நான் போய்ச் சேர்வதற்குள் அந்த வேலை முடிந்துவிட்டது. கரு நிற்பதற்கு முன்பே ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.5 சதவீதத்துக்குக் கீழ் வர வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

சுகர் உள்ள தோழி ஒருத்தி குழந்தைக்குத் திட்டமிடுகிறாள். போன வாரம் இவர்களுடைய படிவத்தை நிரப்பப் பார்த்தாள். 'எத்தனையாவது வாரம்' என்ற கட்டத்தில் 0 போட்டால் ஏற்கவில்லையாம். அதை மாற்றச் சொல்லி அவர்களுக்கு எழுதியிருக்கிறேன்.